தாம்பூலப் பைக்குள் போன கார்டு

கவிதா, ப்ரியா,

நம் போட்டோ குழுவில் சேர்ந்த முதல் வாரத்திலேயே நீங்கள் இருவரும் கேட்ட கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. "அக்கா, கேமராவுக்கு எத்தனை ஜிபி மெமரி கார்டு வாங்கணும்?" அன்றைக்கு "யோசிச்சு சொல்றேன்" என்றேன். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதற்குள் என் கணவருக்கு நாட்டின் இன்னொரு கோடியில் இருக்கிற பார்சிப்பனிக்கு வேலை மாறி, வீட்டில் பாதிச் சாமான் அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டது. இனிமேல் இங்கே காப்பெலிலும் ஃபிரிஸ்கோவிலும் நடக்கிற சீமந்தம், முதல் பிறந்தநாள், அரங்கேற்றம் எல்லாம் உங்கள் கேமராவில்தான்.

ஓய்வு பெறுகிறவர்கள் பேசுவதுபோல நானும் பேச வேண்டியிருப்பது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது. என் மகளுக்கு இன்னும் ஷூ லேஸ் கட்டத் தெரியாது. நான் ஓய்வு பெறுகிறேனாம்! ஆனாலும் இத்தனை வருஷ சனி ஞாயிறுகளை இந்த வேலைக்குக் கொடுத்திருக்கிறேன். கேமராவைப் பற்றி உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். அதைத் தொடப்போவதில்லை. படம் எடுத்து முடித்த பிறகு நடப்பதைப் பற்றித்தான் சொல்ல நினைக்கிறேன். அதையும் சரியாகத்தான் சொல்கிறேனா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கதவைப் பூட்டிவிட்டுக் கார் வரை போய், திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவள் நான். முந்திரி, வேர்க்கடலைக்குத் தடை இருக்கிற டேகேரில் மகளை விட்டபின், அவள் டப்பாவில் வைத்தது முந்திரி போட்ட பொங்கலா போடாததா என்று பார்க்கிங்கிலேயே உட்கார்ந்து யோசிக்கிறவள். இப்படிப்பட்டவளிடம் ஊரார் வீட்டுப் படங்களைக் கொடுத்தால் என்ன ஆகும்? லேப்டாப்பில் ஒரு காப்பி, ஹார்ட் டிஸ்கில் ஒரு காப்பி, இன்னொரு ஹார்ட் டிஸ்க் ஃபிரிஸ்கோவில் தோழி வீட்டு அலமாரியில். நெருப்போ திருட்டோ ஒரே நாளில் இரண்டு ஊருக்கும் வராது என்று ஒரு நம்பிக்கை.

ஒரு முறை டொர்னேடோ சூறைக்காற்று வருகிறதென்று சைரன் அடித்தபோது மகளை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, இன்னொரு கையில் ஹார்ட் டிஸ்கை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குக் கீழே இருக்கிற க்ளாஸெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியிலிருந்து என் கணவர் தட்டினார். "நானும் வரலாமா, இல்ல எனக்கும் ஒரு பேக்கப் இருக்கா?" அந்தக் கேலி இன்றுவரை ஓயவில்லை.

அவ்வளவு ஜாக்கிரதையான என்னிடமிருந்துதான் ஒரு கார்டு தொலைந்தது. அதுவும் பட்டப்பகலில், என் இரண்டு கைகளும் சேர்ந்து செய்த காரியத்தால்.

தீபாவை உங்களுக்குத் தெரியாது. ஈரோட்டுப் பெண், காப்பெலில் இருக்கிறாள். அவள் மகள் நிலாவுக்குக் காதுகுத்து, அவர்கள் குடியிருப்பின் க்ளப்ஹவுஸில் நடந்தது. அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் காதுகுத்தென்றால் குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். தாய்மாமன் இல்லாவிட்டால் அந்த முறையில் யாரையாவது உட்கார வைப்பார்கள், ஆனால் யாருக்கும் மனசு ஒப்பாது. தீபாவுக்கு ஒரே அண்ணன், பே ஏரியாவில். அப்பா இறந்த பிறகு ஈரோட்டு வீட்டை விற்பதா வைத்துக்கொள்வதா என்று இருவருக்கும் பேச்சு முற்றி, பிறகு பேச்சே நின்றுபோயிருந்தது. பண்டிகைக்கு ஒரு மெசேஜ், அதற்குப் பதிலாக ஒரு கட்டைவிரல் படம். அவ்வளவுதான் உறவு.

தீபாவின் கணவர் கார்த்திக்தான் அவளுக்குத் தெரியாமல் ஃபோன் செய்து கேட்டிருக்கிறார். அண்ணன் காலை ஃப்ளைட்டில் வந்தார், மாலை ஃப்ளைட்டில் திரும்புவதாகச் சொன்னார். பெட்டி கூட இல்லை. லேப்டாப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு, ஆஃபீஸுக்கு வருகிறவர்போல க்ளப்ஹவுஸ் வாசலில் வந்து நின்றார். தீபா, "வாண்ணா" என்றாள். அவர், "ம்" என்றார். நல்லவேளையாக யாரோ காபி கொண்டுவந்தார்கள்.

தொடங்குவதற்கு முன் தீபா எல்லோரையும் பார்த்துக் கைகூப்பினாள். "ப்ளீஸ், குத்தும்போது யாரும் ஃபோன எடுக்காதீங்க. போன தடவை எல்லா போட்டோலயும் ஃபோன்தான் இருந்துச்சு, மூஞ்சியே இல்ல. அக்கா எடுக்கிறாங்க, அவங்க எடுத்தா போதும்." ஃபோன்கள் பைக்குள் போயின. ஊரில் இருப்பவர்கள் பார்க்க வைத்திருந்த டேப்லெட், க்ளப்ஹவுஸ் வைஃபையில் உறைந்து, ஒரு தாத்தாவின் முகவாய்க்கட்டையை மட்டும் காட்டிக்கொண்டிருந்தது.

குத்தியவர் நர்ஸாக வேலை செய்யும் ஒரு தோழி. நான் நல்ல இடமாகப் பார்த்து முட்டி போட்டு உட்கார்ந்தேன். ஊசி பக்கத்தில் வந்ததும் தீபா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானும் ஒரு குழந்தையைப் பெற்றவள்தான். தடுப்பூசி போடும்போதெல்லாம் சுவரில் இருக்கும் முயல் படத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஆனால் கையில் கேமரா இருந்தால் பார்த்துத்தான் ஆக வேண்டும். ஒரு காது, பிறகு மறு காது. நிலா வீறிட்டாள். எல்லோரும் கை தட்டினார்கள். முடிந்துவிட்டது.

அப்போது நான் சின்னக் கார்டுகள்தான் வைத்திருந்தேன். ஒவ்வொரு சடங்குக்கும் ஒரு கார்டு. ஒன்று கெட்டுப்போனாலும் மற்றது பிழைக்கும் என்பது கணக்கு. காது குத்தி முடித்ததும் அந்தக் கார்டைக் கழற்றி அதன் கறுப்பு உறைக்குள் போட்டேன். அடுத்து நடக்கவிருந்த கேக் வெட்டலுக்குப் புதுக் கார்டு போட்டாயிற்று. கழற்றியதை என் கேமரா பையில் வைக்க வேண்டும். பை ஹாலின் அந்தக் கோடியில், மகளின் கலர் பென்சில்களோடு கிடந்தது. நான் கட்டியிருந்தது புடவை. புடவையில் பாக்கெட் ஏது?

உறையைக் கையில் பிடித்தபடி நடந்தபோது தீபாவின் மாமியார் குங்குமச் சிமிழோடு வழிமறித்தார். "நீயும் நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரிதான். சாப்பிட்டுட்டு ஓடிருவ. இப்பவே வாங்கிக்க." சுருக்குப் பை ஒன்றை நீட்டினார். உள்ளே பரிசுப் பெட்டி, ஒரு ப்ளாஸ்டிக் கவரில் தேங்காயும் வெற்றிலை பாக்கும். நான் இடது கையில் உறையை வைத்துக்கொண்டு வலது கையை நீட்டினேன். அந்த அம்மா கையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"ரெண்டு கையாலயும் வாங்கும்மா."

தாம்பூலத்தை ஒரு கையால் எப்படி வாங்குவது? நாம் யாரும் வாங்க மாட்டோம். உறையைச் சட்டென்று அந்தப் பைக்குள்ளேயே போட்டேன், இரண்டு கையாலும் பையை வாங்கிக்கொண்டேன், குங்குமம் வைத்துக்கொண்டேன். "அக்கா, கேக்!" என்று யாரோ கூப்பிட்டார்கள். பையை நாற்காலியில் வைத்துவிட்டு ஓடினேன்.

எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பினார்கள். க்ளப்ஹவுஸை அடுத்த ஆட்களுக்குக் காலி செய்து கொடுக்க வேண்டும் என்று ஒரே அவசரம். தீபாவின் அண்ணனை ஏர்போர்ட்டில் விடக் கார்த்திக் காரை எடுக்கப் போனார். நான் நாற்காலிக்கு வந்தேன். பை இல்லை.

மேஜை துடைத்துக்கொண்டிருந்த ஒரு அங்கிளைக் கேட்டேன். "ஓ, அதுவா? யாரோ மறந்துட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சேன்மா. டேபிள்ல மத்த பைகளோட வெச்சுட்டேன். எல்லாம் கரெக்டா தீர்ந்துபோச்சு!" அவருக்கு அதில் ஒரு சந்தோஷம். ஒன்றுகூட மிச்சமில்லாமல் கணக்குச் சரியாக வந்ததே!

குப்பைக் கூடைகளைப் பார்த்தேன், மேஜைகளுக்குக் கீழே தவழ்ந்து பார்த்தேன். என் மகள் பக்கத்தில் வந்து குனிந்து, "அம்மா, ஆர் யூ ப்ளேயிங்?" என்றாள். பாத்ரூமுக்குள் போய் அக்காவுக்கு ஃபோன் செய்தேன். நம் குழுவைத் தொடங்கிய அக்காதான். பெயர் எழுதினால் என்னைத் திட்டுவார். அன்றைக்கு அவர் ஹூஸ்டனில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். பின்னால் நாதஸ்வரம் கேட்டது. நான் அழுகையும் விம்மலுமாக எல்லாவற்றையும் கொட்டினேன். எப்படித் தொலைந்தது, ஏன் தொலைந்தது என்று அவர் கேட்கவில்லை.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டியா?"

"இல்லக்கா. கெடைச்சிரும். தேடிப் பார்த்துட்டு..."

"தேடறத அப்புறம் தேடு. அவ அண்ணன் ஊர்ல இருக்காரா, கெளம்பிட்டாரா?"

"இப்பதான் கெளம்பினார்."

"அப்போ ஓடு. என்ன செய்யணும்னு அவ முடிவு பண்ணட்டும். நீ பாத்ரூம்ல உக்காந்து முடிவு பண்ணாதே."

உங்களுக்கு நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான் என்று நினைக்கிறேன். நாம் மறைத்து வைத்திருக்கும் நேரமெல்லாம் அவர்களுடைய நேரம். நான் மேஜைக்குக் கீழே தவழ்ந்துகொண்டிருந்தபோது அவள் அண்ணன் வாசலில் ஷூ போட்டுக்கொண்டிருந்தார். அப்போதே சொல்லியிருந்தால் குழந்தையை அவர் மடியில் இன்னொரு தரம் உட்கார வைத்து ஒரு படமாவது எடுத்திருக்கலாம். கேக்கை மறுபடி வெட்டலாம், காதை மறுபடி குத்த முடியாதுதான். ஆனால் மாமா மடியில் மருமகள் என்று ஒரு படமாவது இருந்திருக்கும்.

தீபா மூலையில் உட்கார்ந்திருந்தாள். நிலா அவள் தோளில் தூங்கிப்போயிருந்தாள். சிவந்த காதுகளில் சின்னப் பொட்டுத் தங்கம். நான் சொன்னேன். சுற்றி வளைக்காமல்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன், ஆனாலும் இரண்டு முறை "கெடைச்சிரும்" என்று சேர்த்துவிட்டேன். அவள் என்னைத் திட்டவில்லை. ஃபோனை எடுத்து அண்ணன் பெயர் வரை போனாள். விரல் அங்கேயே நின்றது.

"திரும்பி வாங்கன்னு சொல்லலாமா தீபா? இன்னும் ஃப்ரீவே ஏறியிருக்க மாட்டாங்க" என்றேன்.

"வந்ததே பெருசுக்கா. இப்ப போட்டோவுக்கு வான்னு கூப்பிட்டா, போட்டோவுக்குத்தான் வரச் சொன்னேன்னு நெனப்பான்." ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு கேட்டாள், "அக்கா, நான் திரும்பிக்கிட்டேன். அண்ணன் எப்படி இருந்தான்? நிலாவ எப்படிப் புடிச்சிருந்தான்? நீங்க பாத்தீங்கல்ல?"

எனக்கு நினைவில்லை. இதை நீங்கள் நம்ப மாட்டீர்கள், ஆனால் சீக்கிரமே உங்களுக்கும் நடக்கும். நான் பார்த்ததெல்லாம் ஒரு காதும் ஊசி நுனியும் அதன்மேல் விழுந்த ஜன்னல் வெளிச்சமும்தான். சுற்றியிருந்த முகங்களைக் கேமரா பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருந்தேன். "கண்ணு கலங்கிப்போச்சு தீபா அவருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் நாளைக்குக் கார்டு கிடைத்து, படத்தில் வேறு மாதிரி இருந்தால்? அதைவிட, கிடைக்காமலே போய், நான் சொன்ன பொய்யையே அவள் காலமெல்லாம் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தால்?

"எனக்குத் தெரியல தீபா. நான் காதத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

அவள் தலையாட்டினாள். நான் செய்தது சரியா என்று இன்றைக்கும் சில நாள் யோசிப்பேன்.

தீபா ஃபோனில் சொன்னதும், கார்த்திக் ஏர்போர்ட்டிலிருந்தே விருந்தினர்களின் வாட்ஸப் குழுவில் செய்தி போட்டார். ஆஃபீஸ் மெயில் மாதிரியே இருந்தது. எல்லோரும் உடனே தங்கள் தாம்பூலப் பையைப் பார்த்து உறுதி செய்யவும். வரிசையாகப் பதில்கள். "செக் பண்ணிட்டோம், இல்லைங்க." "நாட் ஹியர்." கைகூப்பிய படங்கள். நான் ஒவ்வொன்றாகப் படித்தேன். படிக்கப் படிக்க ஒரு சந்தேகம். சிலர் இன்னும் வீடு போய்ச் சேர்ந்திருக்கவே முடியாது. கார் டிக்கியில் இருக்கிற பையை ஓட்டிக்கொண்டே எப்படிப் பார்த்தார்கள்?

பிறகுதான் புரிந்தது. நம்மவர்கள் வீட்டில் எல்லாம் க்ளாஸெட்டில் ஒரு தட்டு உண்டு. வாங்கின தாம்பூலப் பரிசுகளைப் பிரிக்காமல் அதில் அடுக்கி வைப்போம், அடுத்த விசேஷத்துக்குக் கொடுக்க. எல்லோரும் செய்கிறோம், யாரும் ஒப்புக்கொள்ள மாட்டோம். பையைக் கொடுத்த மாமியாரும் இருக்கிற குழுவில் "நான் அதைப் பிரிக்கவே இல்ல, இன்னொருத்தருக்குக் கொடுக்க வெச்சிருக்கேன்" என்று யார் எழுதுவார்?

அன்று சாயந்திரம் கார்த்திக்கிடம் கேட்டுக்கொண்டு நானே இன்னொரு செய்தி போட்டேன். பலமுறை அடித்து அழித்து எழுதினேன். பை இப்போது உங்களிடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எங்கே போயிருக்கிறது என்று எனக்கு மட்டும் தனியாகச் சொன்னால் போதும், நான் யாரிடமும் எதுவும் கேட்க மாட்டேன் என்று.

மறுநாள் காலை, மகளுக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது ஒரு ஃபோன். சரளா ஆன்ட்டி. அடுத்த தெருதான். கூப்பிடு தூரத்தில் இருக்கிறவர் கிசுகிசுவென்று பேசினார்.

"பக்கத்துல யாரும் இல்லையே?"

"பொண்ணு மட்டும்தான் ஆன்ட்டி."

"நேத்து சாயந்திரம் ஃபிரிஸ்கோல நிவேதான்னு ஒரு பொண்ணுக்குச் சீமந்தம்மா. போற வழியில எதுவும் வாங்க டைம் இல்ல. தேங்காய் கவர மட்டும் எடுத்துட்டு, அந்தப் பைய அப்படியே... புரியுதுல்ல?"

"புரியுது ஆன்ட்டி."

"பெட்டிக்கு அடியில ஏதாவது இருந்தா எனக்குத் தெரியாது. நான் உள்ள கைய விட்டுப் பார்க்கல. நான் நேத்தே 'இல்ல'ன்னு மெசேஜ் போட்டுட்டேன், இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு..."

"நான் உங்க பேர சொல்லல ஆன்ட்டி. நிவேதா நம்பர் மட்டும் குடுங்க."

"அந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லிராத!"

இது கொஞ்சம் கஷ்டம். நிவேதாவிடம் என் கார்டு அவள் வீட்டுப் பரிசுக் குவியலுக்குள் எப்படி வந்தது என்று நான் என்ன சொல்வது? வழி முழுக்க யோசித்தேன். அவர்கள் புதுக் குடியிருப்பில் பாதித் தெருக்கள் மேப்பிலேயே இல்லை. என் ஃபோன், "யூ ஹேவ் அரைவ்ட்" என்று ஒரு காலி மனையின் முன்னால் சொன்னது. பின்னால் இருந்து என் மகள், "அம்மா, தேர் இஸ் நோ ஹவுஸ்" என்றாள்.

கதவைத் திறந்தது நிவேதாதான். நேற்றுப் போட்ட வளையல்கள் முழங்கை வரை குலுங்கின. நான் ஒத்திகை பார்த்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன். "நேத்து உங்களுக்கு வந்த சுருக்குப் பை ஒண்ணுல என்னோட கார்டு தவறி விழுந்திருக்கு. எப்படின்னு மட்டும் கேக்காதீங்க."

அவள் ஒரு விநாடி என்னைப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். "அய்யோ அக்கா, எதுக்குக் கேக்கணும்? எங்க க்ளாஸெட்லயும் ஒரு ஷெல்ஃப் இருக்கு. உள்ள வாங்க."

இன்னும் பிரிக்காத குவியலில் அந்தப் பை மூன்றாவதாக இருந்தது. பெட்டிக்கு அடியில், ஒரு மூலையில், கறுப்பு உறை. நிவேதாதான் எடுத்துக் கொடுத்தாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் கவனியுங்கள். கிடைத்துவிட்டது என்று தீபாவுக்கு ஃபோன் செய்தேன். "நேரா இங்க வந்துருங்கக்கா! இங்கயே லேப்டாப்புல பாத்துக்கலாம்" என்றாள். அவள் வீடு வழியில்தான். கேமராவில் போட்டு ஒரே ஒரு படத்தையாவது பார்க்க வேண்டும் என்று எனக்கும் கை பரபரத்தது. ஆனால் தொலைந்துபோன கார்டைவிட, கிடைத்த பிறகு மறுபடி தொலைக்கிற கார்டை நினைத்துத்தான் எனக்குப் பயம். "ரெண்டு காப்பி ஆனதும் வர்றேன் தீபா" என்றேன். அவள் மறுபடி மறுபடி கூப்பிட்டாள். நான், எதுவும் அழியாதபடி கார்டின் ஓரத்தில் இருக்கும் சின்னப் பூட்டைத் தள்ளிவிட்டு, வீட்டுக்குப் போய், எதையும் திறந்து பார்க்காமல் லேப்டாப்புக்கு ஒன்று, டிஸ்குக்கு ஒன்று என்று ஏற்றினேன். எல்லாம் வந்ததா என்று பார்த்தபின்தான் கிளம்பினேன். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. சந்தோஷத்தில் இருக்கும்போதுதான் நமக்குக் கை தவறும்.

தீபா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்தோம். நானும் அப்போதுதான் முதல் முறையாகப் பார்க்கிறேன். காது, ஊசி, வெளிச்சம், எல்லாம் நான் நினைத்தபடியே இருந்தன. சுற்றியிருந்ததைத்தான் நான் பார்த்திருக்கவில்லை. இடது ஓரத்தில் தீபா முகத்தைத் திருப்பி, கண்ணை இறுக்கி மூடி, கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். வலது பக்கம் அவள் அண்ணன், குழந்தையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்து, முகத்தை அந்தப் பக்கமாகத் திருப்பி, கண்ணை அதே போல இறுக்கி மூடி, அதே போலக் கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறார். நடுவில் நிலா மட்டும் இன்னும் அழ ஆரம்பிக்காமல், பெரிய கண்களால் நேரே என்னைப் பார்க்கிறாள்.

தீபா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு, "பெரிய ஆம்பள!" என்றாள். சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்தது. "அவனும் பாக்கலக்கா! என்னமோ ஜட்ஜ் மாதிரி வெறப்பா உக்காந்திருந்தான். அவனும் பாக்கல!"

அந்தப் படத்தை மட்டும் அவள் ஃபோனுக்கு அனுப்பச் சொன்னாள். அங்கிருந்து அவளே அண்ணனுக்கு அனுப்பினாள், ஒரு வார்த்தையும் எழுதாமல். கட்டைவிரல் வரும் என்று இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வரவில்லை. தீபா எழுந்து அடுப்பில் பால் வைத்தாள். அப்போது ஃபோன் அடித்தது.

அவள் எடுத்தாள். "ஏண்ணா, நீயும் கண்ண மூடிக்கிட்டியா?" என்றாள். அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, நிலாவை என் மடியில் வைத்துவிட்டு, பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

நான் எழுந்து அடுப்பை அணைத்தேன். என் மகள் நிலாவின் காதைத் தொடாமல் பக்கத்தில் விரலை வைத்து, "டஸ் இட் ஹர்ட்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கதவு வழியாகத் தீபா வேலியோரமாக நடப்பது தெரிந்தது. போவதும் வருவதும், நிற்பதும், சிரிப்பதும். ஒரு கையில் ஃபோன், இன்னொரு கை தன் காது மடலை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. பால் ஆடை கட்டி ஆறிப்போனது. "அம்மா, கேன் வீ கோ?" என்று மகள் கேட்டாள். "இருடா கண்ணு" என்றேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அன்றிரவே என் கணவர் சொன்னார், "பெரிய கார்டா ஒண்ணு போட்டிருந்தா கழட்டியே இருக்க மாட்ட." அக்கா சொன்னார், "பெரிய கார்டு கெட்டா மொத்தமும் போச்சு." இரண்டும் சரிதான், அதனால்தான் உங்களுக்கு இத்தனை நாள் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது நான் இரண்டு கார்டு போடுகிற கேமரா வைத்திருக்கிறேன். ஒரு நாள் முழுக்கத் தாங்குகிற நடுத்தரக் கார்டுகள் இரண்டு. ஒவ்வொரு படமும் இரண்டிலும் பதிவாகிறது. வீடு வந்து சேரும்வரை கழற்றுவதில்லை. நாளைக்கு இதிலும் ஏதாவது ஓட்டை தெரியலாம். தெரிந்தால் எனக்கு எழுதுங்கள். புடவை கட்டிக்கொண்டு போவதென்றால் உள்பாவாடையில் ஒரு பாக்கெட் தைத்துக்கொள்ளுங்கள். யாராவது தாம்பூலம் கொடுத்தால் முதலில் கையில் இருப்பதை அதில் போட்டுவிட்டு, பிறகு நிதானமாக இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தப் பையின் பரிசுப் பெட்டிக்குள் இருந்த பித்தளைச் சிமிழ் இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. எப்படி வந்து சேர்ந்தது என்று கேட்காதீர்கள். பார்சிப்பனிக்குக் கொண்டுபோகிறேன், யாருக்கும் கொடுப்பதாக இல்லை.

தீபா அன்று உள்ளே வந்தபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஆறிய பாலில் காபி கலந்துகொண்டே சொன்னாள்.

"என் காதுகுத்துல எங்க மாமா மடியில நான் கத்தினப்போ, இவன் மாடிக்கு ஓடிப்போய் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தானாம். இன்னிக்குத்தான் சொல்றான். அதுக்கு ஒரு போட்டோ கூட இல்லக்கா." டம்ளரை என் பக்கம் தள்ளினாள். "அடுத்த மாசம் வர்றானாம். பெட்டியோட."